பதினேழாம் பெட்டியின் மூடி

திங்கட்கிழமை பின்னேரம் குமுதினிக்குக் கால் தரையில் பாவவில்லை. அருங்காட்சியகத்திலிருந்து டொக்டர் ரென்னர் தொலைபேசியில் சொன்ன மூன்று வசனங்களை, குசினியிலிருந்து பல்கனிவரையும் பல்கனியிலிருந்து குசினிவரையும் நடந்து நடந்து தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். "நீங்கள் சொன்னதுதான் சரி. அது கடல் அல்லியின் வேர் இல்லை. நட்சத்திர மீன்தான்."

ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நட்சத்திர மீனுக்காக டுசல்டோர்ஃப் வீட்டுக்குள் இப்படிக் குதிப்பாளா என்று கேட்டால், இவள் குதிப்பாள். ஏனென்றால் அந்த மீன் செத்து முப்பத்தொன்பது கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஐஃபல் மலைகள் மலைகளாவதற்கு முன்னர், அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் ஒன்று கிடந்தது. அந்தக் கடலின் சேறு இறுகிச் சுண்ணாம்புக்கல்லாகி, அதற்குள் அகப்பட்ட உயிர்களும் கல்லாகிவிட்டன. சிப்பி போன்றவை அங்கே அள்ள அள்ள வரும். பூப்போல் தண்டில் நின்று ஆடிய கடல் அல்லிகளின் துண்டுகளும் வரும். நட்சத்திர மீன் மட்டும் வராது. அங்கே அவள் போகும் கற்குவாரியில் இருபது வருடம் கல் பொறுக்கிய ஜெர்மன்காரர்களுக்கே வந்ததில்லை.

போன செப்ரெம்பரில் அது வந்தது. உள்ளங்கை அளவுச் சாம்பல் கல். அதில் பாதி சேற்றில் புதைந்தபடி ஐந்து மூலைகள். மாரி முழுவதும் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, ஊசியாலும் தூரிகையாலும் மணல் மணலாக நீக்கினாள். மார்ச்சில் ரென்னரிடம் காட்டியபோது அந்த மனிதர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடல் அல்லியின் வேர்" என்று பென்சிலால் ஒரு துண்டில் எழுதி ஒட்டியும் விட்டார். குமுதினி விடவில்லை. மீனின் ஒவ்வொரு கையின் நடுவிலும் வாய்வரை ஓடும் பள்ளத்தையும், பள்ளத்தின் இரு கரையிலும் சோடி சோடியாக நிற்கும் தகடுகளையும் காட்டினாள். வேருக்கு எதற்கு வாய் என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் துப்புரவாக்கிப் படம் எடுத்து அனுப்பினாள். அதற்கான பதில்தான் இந்தத் தொலைபேசி.

ஆனால் ரென்னர் மூன்று வசனத்தோடு நிறுத்தவில்லை. அந்தக் குவாரி ஐந்து படிகளாக வெட்டப்பட்டது. ஒவ்வொரு படியும் வேறு வேறு காலத்துக் கடல். எந்தப் படி, எந்தப் பாறைப் படை என்று திட்டமாகத் தெரிந்தால் அனுமதி வாங்கி அங்கே இரண்டு நாள் தோண்டலாம். மே மாதம் தண்ணீர்ப் பம்புகளை நிறுத்தப் போகிறார்கள், பிறகு குவாரி குளமாகிவிடும். "வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டெர்மின் போடுகிறேன். நீங்கள் அன்று எழுதிய குறிப்பைக் கொண்டு வாருங்கள். இடம் தெரியாவிட்டால் அது வெறும் அழகான கல், ஃபிராவ் ஆனந்தராசா. பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற தட்டில்தான் வைக்க வேண்டி வரும்."

"குறிப்பு இருக்கிறது" என்றாள் குமுதினி. பெருமையோடுதான் சொன்னாள்.

குமுதினிக்கு வேலை ஓர் ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில். அங்கே கத்தரிக்கோலும் இடுக்கியும் அடுக்கிய ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. யார் கழுவியது, எப்போது, எந்த இயந்திரத்தில் என்று எல்லாம் அதில் இருக்கும். சீட்டில்லாத தட்டு வாசலைத் தாண்டினால் குமுதினி தொண்டை கிழியக் கத்துவாள். அப்படிப்பட்டவள் தன் கல்லுக்கு எங்கே சீட்டு எழுதினாள்? ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியில். கல் தேடும் சங்கத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள், இலக்கத்தைக் கல்லிலேயே மையால் எழுது, அதே இலக்கத்தைக் கொப்பியிலும் எழுது என்று. கல்லைத் துப்புரவாக்கிய பிறகு எழுதுவோம் என்று இவள் தள்ளிப் போட்டாள். மூடியில்தான் எல்லாம் விபரமாக இருக்கிறதே என்ற எண்ணம். ஊருக்குத்தான் உபதேசம்.

நட்சத்திரக் கல் மேலே அவளுடைய மேசையில், சிறு தட்டில் இருந்தது. தட்டில் ஒரு துண்டு: 17. பதினேழாம் பெட்டியின் மூடியை எடுத்து வரத்தான் அவள் கட்டடத்தின் அடியிலிருக்கும் கெல்லருக்கு இறங்கினாள்.

கெல்லர்க் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இருபத்தாறு பெட்டிகள் அடுக்கியிருந்த தட்டு வெறுமையாக இருந்தது. கீழே, உடுப்புத் தோய்க்கும் கூடைக்குள் துவாய் விரித்து, அவளுடைய ஐந்து வருடக் கற்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

கணவர் ஆனந்தராசா பாண் ஃபக்டரியில் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, கெல்லரில இருந்த பெட்டியள் எங்கை?"

"எந்தப் பெட்டி?"

"ஐஸ்கிரீம் பெட்டி. இருவத்தாறு."

"ஓ, அதுவோ?" ஆனந்தராசாவின் முகம் மலர்ந்தது. "நல்ல காலம் அது இருந்தது, குமுது. நேற்று ஆக்களுக்கு இறைச்சிக் கறி போட்டுக் குடுத்துவிட்டனான்."

சனிக்கிழமை அவர்கள் வீட்டில் ஒரு கொண்டாட்டம். ஒரே மகள் கவிசா அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்துப் பல் வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்ததற்காக ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆனந்தராசா சமைத்தால் ஐம்பது பேருக்குச் சமைக்கமாட்டார். ஐம்பது பேர் பிள்ளை குட்டிகளோடு இரண்டு முறை வந்தாலும் காணுமாறு சமைப்பார். மிஞ்சியது இரண்டு பெரிய சட்டி. ஞாயிறு காலை குமுதினி வேலைக்குப் போய்விட்டாள். தங்கி நின்றவர்களும் விடைபெற வந்தவர்களும் வெறுங்கையோடு போகலாமா? நம் ஆட்களின் வீடுகளில் ஐஸ்கிரீம் பெட்டிக்கு ஐஸ்கிரீம் முடியும்வரைதான் சொந்தக்காரர். முடிந்த பிறகு அது ஊர்ப் பொதுச் சொத்து. கறியோடு போகும், வடையோடு திரும்பும், புட்டோடு மறுபடி போகும். தன் வீட்டுப் பெட்டிதான் என்று பிடித்து வைத்திருப்பவளைக் கஞ்சப் பிசினாறி என்பார்கள்.

"மூடியில நான் எழுதியிருந்தது கண்ணில படேல்லையோ உங்களுக்கு?"

"எழுத்து இருந்தது. நீர் போன முறை கறிக்கு எழுதினது எண்டு நினைச்சன்." அவருக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. "ஆனா கல்லொண்டும் எறியேல்லை. துவாய் விரிச்சுப் பக்குவமாத்தான் வைச்சனான்."

"எந்தக் கல்லு எந்தப் பெட்டியில இருந்தது எண்டு கல்லு வாய் திறந்து சொல்லுமே? அஞ்சு வரியத்து வேலை! எல்லாம் கலந்துபோச்சு! உங்களுக்கென்ன, நீங்கள் குவாரிக்கு வாறது சாப்பிடவும் காருக்கை படுக்கவும்தானே. உங்கட சீவியத்தில ஒரு கல்லைக் குனிஞ்சு எடுத்திருக்கிறியளே நீங்கள்?"

ஆனந்தராசா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு கை கழுவப் போனார்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மெல்ல வந்து நின்றார். "குமுது, எனக்கெண்டா ஒண்டு தோணுது. நீர்தானே எடுத்தனீர். உமக்கு ஒரு மட்டில ஞாபகம் இருக்கும்தானே. ரெண்டாம் படி எண்டு எழுதிக் குடும். ஆர் வந்து பாக்கப் போகினம்?"

ஞாபகம் இருந்தது. அதுதான் வேடிக்கை. அந்த நாளை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! சங்கத்தில், ஆஸ்பத்திரியில், ரென்னரிடம், போன சனிக்கிழமை வந்த விருந்தாளிகளிடமும். முழந்தாளில் இருந்தபடி இடது கையால் கல்லைப் புரட்டினது, வெயில் சரிவாக விழுந்து ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் எழும்பி வந்தது, தன் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லும்போதெல்லாம் ஆனந்தராசா பக்கத்தில் நின்று, "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். நெஞ்சு அடித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எந்தப் படியில் நின்றாள் என்பது மட்டும் இல்லை. இரண்டாம் படி போலவும் இருந்தது, நான்காம் படி போலவும் இருந்தது.

"பொய் எழுத ஏலாது" என்றாள்.

"பொய்யில்லை, ஒரு ஊகம்."

"வவுனியாவும் ஊகம்தானே?"

ஆனந்தராசா சாப்பிட்ட கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். தொண்ணூற்றாறில் குமுதினியைக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரன், அகதிக் கேஸுக்கு அதுதான் நல்லது என்று அவள் பிறந்த இடத்தை வவுனியா என்று சொல்ல வைத்தான். அவள் பிறந்தது வட்டுக்கோட்டையில். வவுனியாவில் அவள் மொத்தமாக இருந்தது ஒரு பஸ் தரிப்பிடத்தில் நாலு மணி நேரம். ஒரு முறை எழுதியது அவ்வளவுதான்; விசாவில், கலியாணப் பதிவில், கவிசாவின் பிறப்புப் பத்திரத்தில், ஜெர்மன் பாஸ்போட்டில், எல்லாவற்றிலும் அவள் வவுனியாவில் பிறந்தபடியே இருக்கிறாள். திருத்தப் போனால் மற்றதெல்லாம் உண்மையா என்று கேட்பார்கள். இனிச் செத்தாலும் அந்தச் சீட்டிலும் வவுனியாதான் வரும். பிழையாக எழுதிய இடம் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை யாரும் அவளுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

அவளுக்கு நட்சத்திர மீனின் சீட்டில் தன் பெயர் வேண்டும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டரை வருடம் விலங்கியல் படித்தவள். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஊரே எழும்பி ஓடியபோது அந்தப் படிப்பும் ஓடிவிட்டது. இங்கே வந்து அந்தப் பாதிப் படிப்பின் தாள்களை ஒரு மேசையில் நீட்டியபோது, இதை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன தெரியும் என்று இந்த நாட்டில் ஒருவரும் கேட்டதில்லை, கையில் என்ன வேலை வரும் என்றுதான் கேட்டார்கள். அருங்காட்சியகத்தின் இழுப்பறைக்குள், நூறு வருடம் கழித்து யாரோ திறந்து பார்க்கும் சீட்டில், "கண்டெடுத்தவர்: கு. ஆனந்தராசா" என்று இருக்க வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டுச் சாமானுக்கு ஆசைப்படுவதுபோல அதற்கு ஆசைப்பட்டாள்.

செவ்வாயும் புதனும் பெட்டி வேட்டை நடந்தது. யார் யாருக்குக் கொடுத்தது என்று ஆனந்தராசா யோசித்து யோசித்துப் பத்தொன்பது பேரைச் சொன்னார். மிச்ச ஏழு பேர் நினைவுக்கு வரவில்லை. குமுதினி வேலைக்கு நடுவிலும் ட்ராமுக்குள்ளும் நின்றபடியே ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தாள்.

"என்னக்கா, பெட்டிக்கே கோல் எடுக்கிறியள்?" என்று சிரித்தாள் சுபானி, பில்க் பக்கத்தில் இருக்கும் சிநேகிதி. அந்தச் சிரிப்பு குமுதினிக்குச் சுட்டது. பெட்டியைத் திருப்பிக் கேட்டவள் என்ற பெயர் இனி இந்த றூர்ப் பக்கம் முழுவதும் நிலைக்கும்.

"பெட்டி வேண்டாமடி. மூடி. மூடியில எழுத்து இருக்கோ எண்டு மட்டும் பார்."

"எழுத்தோ? அதைக் கம்பிநார் போட்டு உரஞ்சிப் பளிச்செண்டு வைச்சிருக்கிறன். அழுக்குப் பெட்டியை எப்பிடியக்கா திருப்பித் தாறது?"

ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். பேனையில் "நீரில் அழியாத மை" என்று போட்டிருந்தது. நம் பெண்கள் பாத்திரம் கழுவும் விதம் அந்தப் பேனை செய்தவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டார்களே. புதன் பின்னேரத்துக்குள் ஒன்பது பெட்டிகள் வந்து சேர்ந்தன, நாலில் வடை, மூன்றில் முறுக்கு, இரண்டில் ரவை லட்டு. மூடிகள் கண்ணாடிபோல மின்னின. இந்தப் பளிங்கு மூடிகளில் ஒன்றுதான் பதினேழாக இருந்திருக்குமோ? கேட்டால் மூடியா சொல்லும்? குமுதினி ஒரு முறுக்கைக்கூட வாயில் வைக்கவில்லை. நித்திரையும் வரவில்லை. கெல்லரில் கூடையின் முன் குந்தியிருந்து கற்களையாவது பிரிக்கப் பார்த்தாள். சிப்பிபோல் இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு ஓடும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்ததுபோல் இருந்தால் சிப்பி. ஓடுகள் இரண்டும் வேறு வேறாகி, ஒவ்வொரு ஓடும் தன் நடுக்கோட்டில் இடமும் வலமும் ஒத்திருந்தால் அது சிப்பியே இல்லை, பிராக்கியோபோட் என்ற வேறு பிராணி. எது என்ன என்று அவளால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. எது எங்கே இருந்து வந்தது என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. கையிலிருந்த கல்லைக் கூடைக்குள் போட்டுவிட்டு அழுதாள்.

வியாழன் மத்தியானம் ஆனந்தராசா வேலையிடத்திலிருந்தே எடுத்தார். "குமுது! குணசேகரம் அண்ணைக்கும் ஒண்டு குடுத்தனான். இப்பதான் ஞாபகம் வந்தது. அந்தாள் கறியைத் திண்டிருக்க ஏலாது."

"ஏன்?"

"மனுசியின்ர ஆட்டைத் திவசம் இந்த மாசம். மரக்கறிதான். நான் மறந்துபோய் நீட்டிப் போட்டன், அந்தாள் வேண்டாமெண்டு சொல்லாமல் வாங்கிக்கொண்டு போட்டுது."

குணசேகரம் தொலைபேசியை எடுக்கும் பழக்கம் இல்லாத மனிதர். குமுதினி வேலை முடிந்த கையோடு ரயிலேறிக் கெல்சென்கிர்ச்சனுக்குப் போனாள். இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அவளால் இருக்க முடியவில்லை. கதவருகில் நின்று, டூயிஸ்பூர்க், ஓபர்ஹவுசன் என்று ஒவ்வொரு நிலையமாகக் கழித்துக்கொண்டு போனாள். நாலாம் மாடிக்கு லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினாள்.

"வா பிள்ளை, என்ன மூச்சு வாங்குது? இரு, தேத்தண்ணி போடுறன்" என்றார் குணசேகரம். எழுபதைத் தாண்டிய மெல்லிய மனிதர். நெற்றியில் திருநீறு.

"அண்ணை, இவர் ஞாயிற்றுக்கிழமை தந்த கறிப் பெட்டி..."

"அது பத்திரமா இருக்கு. குடுக்கிற சாப்பாட்டை வேண்டாமெண்டு சொல்லப்படாது. அடுத்த மாசம் எடுத்துச் சாப்பிடுவம் எண்டு ஃபிரீசருக்கை வைச்சனான்." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "திறக்கேல்லை. மணம் வரும்."

ஃபிரீசரின் கடைசித் தட்டில், பட்டாணிப் பையின் கீழே அது இருந்தது. மூடி முழுக்க உறைபனி. குமுதினி குசினி மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்தாள். முதலில் ஒன்று தெரிந்தது, பிறகு ஏழு. அவள் வாய்விட்டு, "அம்மாளாச்சி!" என்றாள்.

இன்னும் தேய்த்தாள். தன்னுடைய கையெழுத்து, தமிழில், நுணுக்கி நுணுக்கி.

"செப். 14. மூன்றாம் படி. பம்புக் குழாயிலிருந்து கிழக்கே நாலு மீற்றர். மஞ்சள் களிப் படைக்கு ஒரு சாண் மேலே. இதில்: பிராக்கியோபோட் 2, கடல் அல்லித் தண்டு 1, நட்சத்திரம் போல ஒன்று (?)"

மூன்றாம் படி! இரண்டுமில்லை, நாலுமில்லை. அவள் சிரித்துவிட்டாள். கடைசி வரியில் பனி இன்னும் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

"நட்சத்திரத்தைக் கண்டெடுத்தது: இவர்."

குமுதினி அதை இரண்டு தரம் வாசித்தாள். இவர் என்றால் அவளுக்கு உலகத்தில் ஒரே ஒருவர்தான். கை விறைத்துப்போனது தெரியாமல் மூடியின் மேலேயே வைத்திருந்தாள். முழந்தாளில் இருந்தது, இடது கையால் புரட்டியது, சரிந்த வெயில், எல்லாம் கண்ணுக்கு முன்னால் அப்படியே நின்றன. ஆனால் அந்தப் படத்துக்குள் இப்போது சோற்றுப் பாத்திரத்தோடு ஆனந்தராசாவும் வந்து இருந்தார். தட்டையான கல் ஒன்று தேடி, ஃபிளாஸ்க்கை நிறுத்தி வைக்க ஒரு கல்லைப் புரட்டி, "குமுது, இஞ்சை பாரும், இதென்ன பூவோ?" என்று கேட்ட குரலும் வந்தது. முழந்தாளில் இருந்தது அதைப் பார்க்கத்தான். மாரி முழுவதும் அந்தக் கல்லை ஊசியால் தொட்டுத் தொட்டு, அவளே எடுத்ததாக அவள் மனம் எழுதிக்கொண்டுவிட்டது.

"என்ன பிள்ளை, கறி பழுதாப் போச்சோ?" என்றார் குணசேகரம்.

"இல்லை அண்ணை. நல்லா இருக்கு."

திரும்பி வரும் ரயிலில் மூடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், பிறகு எழும்பினாள், பிறகு இருந்தாள். மூடி தமிழில் இருக்கிறது. ரென்னருக்குத் தமிழ் தெரியாது. அவள் வாசித்துச் சொல்வதுதான் அங்கே எழுத்து. மூன்றாம் படி என்பது உண்மை, களிப்படை உண்மை, குழாய் உண்மை. ஒரு சொல்லை மட்டும் வாசிக்காமல் விட்டால் யாருக்கு நட்டம்? அந்த மனிதருக்குச் சீட்டும் வேண்டாம், பேரும் வேண்டாம். ஃபிளாஸ்க் வைக்கப் புரட்டிய கல்லுக்கு நூறு மணி நேரம் ஊசி பிடித்தது யார்? இப்படி வழி முழுவதும் தனக்குத் தானே வழக்காடினாள். வக்கீலும் அவளே, நீதவானும் அவளே. எத்தனை முறை தீர்ப்புச் சொல்லியும் மனம் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆனந்தராசா அவளுக்காகப் புட்டு அவித்து வைத்திருந்தார். மூடியை அவர் முன்னால் மேசையில் போட்டாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, வரி வரியாக வாசித்துக் கடைசி வரிக்கு வந்து நின்றார்.

"உங்களுக்கு இது தெரியுமோ?"

"என்னெண்டு?"

"நீங்கள்தான் கண்டெடுத்தது எண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், தெரியும்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை சொல்லேல்லை? சனிக்கிழமை ஆக்களுக்கு முன்னாலை நான் விளாசித் தள்ளேக்குள்ள பக்கத்தில நிண்டு தலையாட்டினியள்! திங்கட்கிழமை ஒரு கல்லைக் குனிஞ்சு எடுத்ததில்லை எண்டு வாய்க்கு வந்தபடி பேசினன். அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வாய் வந்தது." ஆனந்தராசா புட்டுக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "நான் என்னத்தைச் சொல்லுறது, குமுது? தேத்தண்ணி ஃபிளாஸ்க் சரியுது எண்டு ஒரு கல்லைப் பிரட்டினன். அதைச் சொன்னா ஆர் கேப்பினம்? நீர் சொல்லேக்குள்ள உம்மட முகம்... இந்த நாட்டுக்கு வந்ததுக்கு உமக்கு அப்பிடி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

குமுதினிக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். புட்டைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை.

"நாளைக்கு நீர் உம்மட பேரையே குடும்" என்றார் அவர் எழும்பும்போது. "எனக்கு அதில ஒரு மனக்குறையும் இல்லை. சத்தியமா."

அந்தச் சத்தியம்தான் அவளை இரவிரவாக உருட்டியது. அவர் சண்டை பிடித்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னரே டொக்டர் ரென்னரின் அறைக்குள் நின்றாள். அறை முழுவதும் மெல்லிய இழுப்பறைகள், நிலத்திலிருந்து கூரைவரை. ரென்னர் கதிரையைக் காட்டினார். "பரவாயில்லை, நிற்கிறேன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு, கல்லையும் மூடியையும் மேசையில் வைத்தாள். மூடியில் இன்னும் இறைச்சிச் சரக்கு மணத்தது. ரென்னர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் வேலையில் பார்த்த குறிப்புகளிலேயே இதுதான் பசி கிளப்பியது என்று சிரித்தார்.

"வாசியுங்கள்."

அவள் வாசித்தாள். மூன்றாம் படி. குழாய். நாலு மீற்றர். களிப்படைக்கு ஒரு சாண் மேலே. சாண் என்பதை விரலை விரித்துக் காட்டினாள்; ரென்னர் அளவுகோலை வைத்து அவளுடைய கையை அளந்து, இருபது சென்ரிமீற்றர் என்று சீட்டின் முதல் வரியில் எழுதினார். அவருடைய முகம் சிவந்திருந்தது. "திங்கட்கிழமையே ஆட்களோடு இறங்கிவிடலாம்" என்றார்.

பிறகு கேட்காமலே இரண்டாம் வரிக்குப் போனார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில், மணிமணியான கையெழுத்தில், கு. ஆனந்தராசா என்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து புன்னகைத்தார்.

குமுதினி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். அவள் ஆசைப்பட்டது, மை இன்னும் காயாமல், தலைகீழாக அவளுக்கு முன்னால் கிடந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"அது பிழை" என்றாள்.

"எழுத்திலா?"

"ஆளில். எடுத்தது என் கணவர். இதோ, இந்தக் கடைசிச் சொல். இது அவர்தான்." விரலை மூடியின் கடைசி வரியில் வைத்தாள். "நான்தான் எடுத்தேன் என்று உங்களிடம் சொன்னேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தேன். எடுத்தது அவர்."

ரென்னர் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து, இடத்தை மறுபடி முழுவதுமாக எழுதினார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில், அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஆனந்தராசாவின் முழுப் பெயரை எழுதினார். சொல்லி முடித்ததும் குமுதினிக்குக் கை இரண்டும் வெறுமையாகிவிட்டதுபோல் இருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இன்னும் முடியவில்லை" என்றார் ரென்னர்.

சீட்டில் மூன்றாவது வரி ஒன்று இருந்தது. அதை இதுவரை அவள் வாசிக்கவில்லை. ரென்னர் கல்லின் அடியில் ஒட்டியிருந்த ஒரு சிறு துண்டை உரித்தெடுத்தார். "கடல் அல்லியின் வேர்" என்று மார்ச்சில் அவர் பென்சிலால் எழுதிய அதே துண்டு. அதைக் கசக்கிக் குப்பைக்கூடைக்குள் போட்டார்.

"எங்கே கிடந்தது என்று எழுதியாயிற்று. யார் எடுத்தது என்றும் எழுதியாயிற்று" என்றார், பேனையை மூன்றாம் வரியில் வைத்தபடி. "இது இன்னது என்று கண்டுபிடித்துச் சொன்னது யார்?"

திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகக் குமுதினி ஒரு கதிரையை இழுத்து ஒழுங்காக இருந்தாள்.

"நான்" என்றாள்.